உங்களுக்குத் தெரியுமா? மேய்ந்த புல்லும் மீந்த புல்லும்

● காங்கயம், தாராபுரம் பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் முள்வேலி, அதற்குள் சிதறி நிற்கும் வெள்ளைப் பட்டை மரங்கள், நடுவே சரளை மண். உழவு ஓட்டிய தடமோ பயிரோ கண்ணில் படாது. தரிசு என்று நினைத்துத் திரும்பியிருப்பீர்கள். அது தரிசு இல்லை, கொறங்காடு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் மழை குறைந்த பகுதிகளில், சொந்தப் பட்டா நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் காடு. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை நம்பி நிற்பது. சுற்றிலும் வேலியாகக் கிளுவை, நடுவில் நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றில் அதன் கட்டுமானம் அடங்கிவிடும். காங்கயம் மாடும், மேச்சேரி, மயிலம்பாடிச் செம்மறிகளும் இந்த மூன்றையும் தின்று, இந்த மூன்றின் நிழலில் படுத்து வளர்ந்தவை.

● செடியின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு நிற்கும். புல் நிற்காது. அதன் வளரும் குருத்து தரையை ஒட்டிய தூரில் பத்திரமாக இருக்கிறது. மாடு கடித்த இலைகூட அடியிலிருந்து மறுபடி நீளும். மேய்ச்சலைத் தாங்கும் வரத்தைப் புல் இப்படிப் பெற்றிருக்கிறது. ஆனால் அந்த வரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

● எல்லை எங்கே இருக்கிறது என்பதை 1955-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. செய்தவர் ஃபிராங்க்ளின் கிரைடர். புல்லின் இலையை வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு, மண்ணுக்குள் வேர் என்ன செய்கிறது என்று பார்த்தார். இலையில் நாற்பது சதவீதம்வரை எடுத்தாலும் வேர் தன் போக்கில் வளர்ந்தது. பாதியைத் தாண்டியதும் வேர்கள் நிற்கத் தொடங்கின. எண்பது சதவீதம் எடுத்தபோது எல்லா வேரும் வளர்ச்சியை நிறுத்தி, பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தன.

மேலே மொட்டை அடித்தால் கீழே பட்டினி. வேர் ஆழம் போகாத புல் அடுத்த வெயிலில் காய்கிறது. காய்ந்த இடத்தில் மழைத்துளி நேராக மண்ணில் விழுந்து மேல்மண்ணை அள்ளிப் போகிறது. மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் யாரும் இந்த ஒன்றை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன்: ஆடுமாடு தின்ற பாதி அவற்றுக்கு, நின்ற பாதி புல்லுக்கு. மீந்து நிற்கும் புல்லைப் பார்த்து, வீணாகிறதே என்று இன்னும் இரண்டு நாள் மாட்டை விடுகிறவர் அடுத்த மாதத்துப் புல்லை இந்த மாதமே தின்னக் கொடுக்கிறார்.

● 'மாடு அதிகமாகிவிட்டது, அதனால் காடு மொட்டையாகிவிட்டது' என்று ஊரில் சொல்வார்கள். பிரான்சில் மாடு வளர்த்த அறிவியலாளர் ஆந்திரே வோய்சான் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். 1957-ல் வந்த அவருடைய நூல் சொன்னது இது. எத்தனை மாடு என்பதைவிட, எத்தனை நாள் என்பதே முக்கியம். கடிபட்ட புல் மீண்டு எழுந்து, தூரில் சேமிப்பை நிரப்பிக்கொள்ளும்வரை அதை மறுபடி கடிக்க விடக்கூடாது. அதேபோல ஒரு துண்டில் மாடுகள் தங்கும் காலமும் குறுகியதாக இருக்க வேண்டும். முதல் நாள் கடித்த புல் துளிர்விட்டு, அந்தத் துளிரையும் அதே மாடு கடிக்கும்படி ஆகிவிடக்கூடாது.

ஒரே மாடு ஆண்டு முழுவதும் அவிழ்த்துவிட்டபடியே கிடந்தால், தனக்குப் பிடித்த புல்லைத் தேடித் தேடி அதையே கடிக்கும். பிடிக்காத புல் முற்றி நிற்கும், பிடித்த புல் செத்துப்போகும். பத்து ஏக்கரில் ஒற்றை மாடு நின்றாலும் இது நடக்கும்.

● ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வேலி வேண்டும். கொறங்காட்டின் உயிர் கிளுவை வேலியில் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான். கிளுவைக்கு நாற்று வேண்டாம், குழி நிறையத் தண்ணீர் வேண்டாம். நல்ல கிளையாக வெட்டிப் போத்தாக நட்டால் சரளையிலும் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாகச் செத்ததுபோல் நிற்கும். முதல் மழை விழுந்ததும் பச்சை கட்டும். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்வதால் ஆடு தலையை நுழைக்க இடம் இருக்காது. சந்து விழுந்த இடத்தில் இன்னொரு போத்தை நட்டால் போதும்.

பெரிய நிலத்தையும் ஒரே காடாக விடாமல், சில ஏக்கருக்கு ஒரு வேலி என்று பிரித்திருப்பார்கள். இரண்டு வேலிக்கு நடுவே வண்டி போகிற வழிக்கு இட்டேரி என்று பெயர். இன்றைக்குச் 'சுழற்சி மேய்ச்சல்' என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தப் படத்தின் கோடுகளைக் கொங்கு உழவர்கள் கிளுவையால் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு காட்டில் ஆடுமாடு நிற்கும்போது மற்றக் காடுகளின் படல் சாத்தியிருக்கும்.

● பைபிளில் வரும் வெள்ளைப்போளம் கிளுவையின் நெருங்கிய உறவு. வாசனைப் பிசின் தரும் அந்த மரமும், சித்த மருத்துவத்தில் பேசப்படும் குக்கில் மரமும், நம் வேலிக் கிளுவையும் ஒரே பேரினம்.

● வேலிக்கு மரமில்லாத அமெரிக்கப் புல்வெளியில், இலினாய் மாநிலத்து உழவர் ஜோசப் கிளிடன் 1874-ல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் நியூசிலாந்தில் பில் கேலகர் மின்வேலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தன் காரில் வந்து உடம்பைத் தேய்த்த குதிரையை விரட்ட மின்சாரம் வைத்ததில் தொடங்கியது அந்த யோசனை என்பார்கள். மெல்லிய கம்பியை இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று நகர்த்திக் கட்ட முடிந்ததால், பால் மாடுகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் துண்டுப் புல்லை அளந்து திறந்துவிடும் முறை அங்கே நிலைத்தது. அதில் பாய்வது உயிருக்கு ஆபத்தில்லாத, விட்டுவிட்டு வரும் மிகக் குறுகிய அதிர்ச்சி. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது குற்றம். நம் ஊரில் அப்படிக் கொடுத்து யானையும் மனிதரும் செத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள்.

● மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லை வளைத்துச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து இழுத்து அறுக்கிறது. அதனால் தரையை ஒட்டிய குட்டைப் புல் அதற்கு எட்டாது. செம்மறிக்கும் மேல் முன்பல் இல்லைதான், ஆனால் மெல்லிய உதடும் சிறிய வாயும் தூர்வரை இறங்கிக் கடிக்கும். வெள்ளாடு தலையை மேலே தூக்கி இலை தேடும். பின்னங்காலில் நின்று கொழுந்து பறிக்கும். முதலில் மாட்டை விட்டு உயரமான புல்லை மேய்த்து, பிறகு செம்மறியை விடுவதில் இந்த வாய்க்கணக்கு இருக்கிறது. மாற்றிச் செய்தால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. வெள்ளாட்டைக் கேட்டால், அது முதலில் வேலியைத்தான் பார்க்கும்.

● மாடு சாணி போட்ட இடத்தைச் சுற்றி வளரும் புல்லை அதே மாடு வாரக்கணக்கில் முகர்ந்துவிட்டு விலகும். பச்சைப் பசேலென்று அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்பது அதுதான். செம்மறிக்கு அந்த அருவருப்பு இல்லை, ஓரம்வரை மேய்ந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் சேர்கிறது. குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். மாட்டைப் பிடிக்கும் புழுக்களில் பெரும்பாலானவை செம்மறியின் குடலில் வாழாது, செம்மறியின் புழு மாட்டிடம் வாழாது. ஒன்றன்பின் ஒன்றாக மேயும்போது இது அதன் புழுவைத் தின்று தீர்க்கிறது, அது இதன் புழுவைத் தின்று தீர்க்கிறது. காட்டைச் சில வாரம் வெயிலில் காயவிட்டால் மிச்சத்தில் பெரும்பகுதி தானே சாகும். மருந்துச் செலவு எங்கே குறைகிறது என்று தேடுகிறவர்கள் முதலில் புல்லின் உயரத்தை அளந்து பார்க்கலாம்.

● சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் டோர்பெல். 1517-ல் அந்த ஊரார் ஒரு விதி எழுதி வைத்தார்கள். பனிக்காலம் முழுக்கத் தன் கொட்டகையில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட ஒருவரால் முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் அவர் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். அதற்குமேல் ஒன்றுகூட விடக்கூடாது. பொது நிலம் என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. இல்லை, விதியைத் தாங்களே வகுத்துக்கொண்ட ஊர்கள் பொது நிலத்தை நூற்றாண்டுக்கணக்கில் காத்து வந்திருக்கின்றன என்று டோர்பெலையும் வேறு பல ஊர்களையும் சான்று காட்டினார் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்.

அந்த விதியைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மாவின் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே பனி இல்லை, பங்குனி வெயில்தான். அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தைமாதம் சோளத்தட்டுப் போர் போட்டு முடித்ததும் அதைச் சுற்றி வந்து பார்ப்பார். போரின் உயரத்தைப் பார்த்துத்தான் எந்தக் கன்றைச் சந்தைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்வார். காடு தாங்குவதும் போர் தாங்குவதும் சேர்ந்துதான் அவர் பட்டியின் எண்ணிக்கை.

● போர்க் கணக்கைக் காகிதத்தில் போட விரும்புகிறவர்களுக்கு: மாடு தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு உலர்தீனி தின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். 300 கிலோ மாட்டுக்கு நாளைக்கு ஏழரை கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர், ஆகவே அதையே பச்சையாகக் கொடுத்தால் 30 கிலோ. காட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து நிறுத்தால், ஏக்கருக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். நான்கைந்து இடத்தில் அறுத்துச் சராசரி எடுங்கள். வந்த எண்ணைப் பாதியாக்க மறக்காதீர்கள். மற்றப் பாதி புல்லுக்கு.

● ஆஸ்திரேலியாவுக்கு 1788-ல்தான் முதன்முதலாக மாடு போனது. கங்காருவின் காய்ந்த உருண்டைப் புழுக்கைக்குப் பழகிய அந்த மண்ணின் வண்டுகளுக்கு ஈரச் சாணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாணி மாதக்கணக்கில் வரட்டியாகக் காய்ந்து புல்லை மூடியது, ஈக்கள் பெருகின. ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா யோசனை சொல்லி, 1960-களின் கடைசியிலிருந்து வெளிநாட்டுச் சாணிவண்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து விட்டார்கள். 43 இனங்கள் இறக்கி, 23 நிலைத்தன.

நமக்கு அந்தச் செலவு இல்லை. சாணியை உருட்டிக்கொண்டு போகும் வண்டும், சாணிக்கு அடியிலேயே குழி தோண்டி இறக்கும் வண்டும் இங்கே முன்பிருந்தே இருக்கின்றன. எருவை மண்ணுக்குள் புதைக்கின்றன, அந்தக் குழி வழியாக மழைநீரும் இறங்குகிறது. நாம்தான் அவற்றைக் கொல்கிறோம். ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து சாணியோடு வெளியேறி, அதில் இட்ட வண்டின் முட்டைப்புழுவையும் கொன்றுவிடும். நாள்காட்டியைப் பார்த்து மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுவதைவிட, சாணிப் பரிசோதனை செய்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மாட்டுக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

● நாம் கொண்டாடும் கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் பகைப்புல். பஃபல் புல் என்கிறார்கள். ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு அதன் விதை ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். பிறகு மேய்ச்சலுக்கென்றே விதைக்கவும் செய்தார்கள். இன்று தென் ஆஸ்திரேலிய மாநிலம் அதைக் களை என அறிவித்திருக்கிறது. அரிசோனாவில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே இந்தப் புல் அடர்ந்து காய்ந்து தீக்கு விறகாகிறது. தீயை அறியாத கள்ளி அதில் வெந்து சாகிறது. தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய்த் தூர் தூராகப் பிடுங்குகிறார்கள். ஒரே புல் ஒரு மண்ணில் சோறு, இன்னொரு மண்ணில் நெருப்பு. வெளியிலிருந்து வரும் 'அதிசயப் புல்' விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கள்ளிகள் நினைவுக்கு வரும்.

● கொழுக்கட்டைப் புல்லின் கதிரை இன்றைக்கு உருவி நாளைக்கு விதைத்தால் முளைக்காது. விதைக்கு உறக்கம் உண்டு. பல மாதம் சேமித்து வைத்த விதைதான் சீராக முளைக்கும். புது விதையைத் தூவிவிட்டு, விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதோடு முயல்மசால் கலந்து விதைத்தால் புல்லில் மாவுச்சத்தும் மசாலில் புரதமுமாகத் தீனி நிறைவாகும். மசாலின் வேர்முடிச்சு தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும்.

● வெள்வேல மரத்தின் தலை அடர்த்தியாக மூடாது. சிறிய இலைகள், சல்லடைபோல் வெயில் இறங்கும். அதனால் அதன் நிழலிலும் புல் முளைக்கும். தரைப்புல் காய்ந்த நாளில் அதன் காய்கள் உதிரும். செம்மறிகள் மரத்துக்கு மரம் ஓடிப் பொறுக்கும். தின்ற காயின் கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, சரியான மழையில் முளைக்கும். மரம் நட்டவர் யார் என்று கொறங்காட்டில் கேட்டால் ஆட்டைத்தான் காட்ட வேண்டும்.

● அதே ஆடுமாடுதான் சீமைக்கருவேலத்தையும் பரப்புகிறது. இனிப்பான நெற்றைத் தின்று, விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடும். வேறு தீனியில்லாமல் அந்த நெற்றையே அளவுக்கு மீறித் தின்னும் மாட்டுக்கு நோயும் வரும். முள்கன்று முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே வெட்டினால் பத்துக் கிளையாகத் திரும்பி வரும்.

● காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். சுமார் ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் ஏறும்.

● சென்னையின் மந்தைவெளி, பெயரிலேயே ஒரு மேய்ச்சல் வெளி. மந்தை கூடிய வெளி இன்று பேருந்து நிற்கும் இடமாகிவிட்டது. ஊருக்கு ஊர் 'தொண்டுப்பட்டி' என்றொரு இடம் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்த மாட்டைப் பிடித்து அடைத்து, தண்டம் கட்டினால் அவிழ்த்துவிடுவார்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு ஆதாரம். மேய்ச்சல் புறம்போக்குகள் ஆக்கிரமிப்பில் கரைந்துபோன நிலையில், 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளம் தொடர்பான வழக்கில் (ஜக்பால் சிங் வழக்கு) ஊர்ப் பொது நிலங்களை மீட்டுத் திரும்ப ஊருக்கே ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. உங்கள் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

● கொறங்காட்டுக்கு எந்தப் பாதுகாப்புச் சட்டமும் வேலியாக இல்லை. அது பட்டா நிலம், உடையவர் விரும்பினால் விற்கலாம். காற்றாலை வருகிறது, வீட்டுமனைக் கல் நடுகிறார்கள். விலை பேசும்போது அதை 'வெறுங்காடு' என்றே சொல்கிறார்கள். ஒரு கிளுவை வேலி பின்னிக் கெட்டியாக எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிந்தவர்களுக்கு, பொக்லைன் அதை ஒரு காலைப் பொழுதில் சுருட்டிப் போடுவதைப் பார்த்து நிற்க முடியாது. வேலி போனால் கவுதாரியும் போகும், கட்டாந்தரையில் முட்டையிட்டு அதைக் காக்க அலறிப் பறக்கும் ஆள்காட்டிக் குருவியும் போகும்.

● சித்திரையில் கோடை மழை ஒரு முறை நன்றாகப் பெய்ததும் கொறங்காடு மூன்று நான்கு நாளில் பச்சை பூசிக்கொள்ளும். மாதக்கணக்கில் தட்டு மென்ற மாடுகள் அந்த மணத்துக்குக் கட்டுத்தறியில் நிலைகொள்ளாது. மேய்ச்சலைக் கெடுப்பது எளிதாக நடப்பது அந்த வாரத்தில்தான். அப்போது எழும் துளிர், புல் தன் தூரில் வைத்திருந்த கடைசிச் சேமிப்பைச் செலவழித்து விட்ட துளிர். அதையும் கடிக்கவிட்டால் தூர் வெறுமையாகிவிடும். புல் ஒரு சாண் உயர்ந்து இலை விரியும்வரை பொறுக்க வேண்டும்.

அப்பிச்சி அந்த நாட்களில் படலைக் கயிறு போட்டு இரட்டையாகக் கட்டுவார். போரின் அடித்தட்டு என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்ததை அப்போதுதான் பிரிப்பார். மாடுகள் பழைய தட்டை முகர்ந்துவிட்டுக் காட்டுப் பக்கம் பார்த்துக் கத்தும். அம்மாயி, பாவம் ஒரு நாழி விடலாமே என்பார். அப்பிச்சி பதில் சொல்லாமல் தட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு, படலைத் தாண்டிக் காட்டுக்குள் தனியாகப் போய்க் குனிந்து புல்லைச் சாண் போட்டு அளந்துவிட்டு வருவார்.